பக்கவாட்டு முகம்

முதலில் அளந்தது என்னை அல்ல, கதவுகளை.
லிஃப்ட் முப்பது அங்குலம்.
வாசல் இருபத்தேழு, கீல் தின்றது போக இருபத்தாறு.
கழிவறை இருபத்திரண்டு, அதை விட்டுவிட்டோம்.
இசக்கியப்பன் தையல்காரரைப் போல
டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
சுவருக்குச் சுவர் நடந்தார்.

அந்தேரிக் கடையில் தரை பளிங்கு.
எல்லா நாற்காலியும் அங்கே வழுக்கிக்கொண்டு திரும்பியது.
"நடுச்சக்கர வண்டி, நின்ற இடத்திலேயே சுற்றும் மேடம்" என்றான்
மிலிந்த் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பையன்.
செம்பூரில் பேவர் பிளாக் இரண்டு பெயர்ந்த இடத்தில்
அது என்ன செய்யும்?
யோசித்தான். பொய் சொல்லவில்லை.
அதற்காகவே அவனிடம் வாங்கினேன்,
பின்சக்கரம் தள்ளுவதை.

ஒரு சார்ஜுக்கு இருபது கிலோமீட்டர்.
மனதுக்குள் போட்டுப் பார்த்தேன்:
வீட்டிலிருந்து மரைன் டிரைவ் போய்ச் சேரலாம்.
திரும்பி வர ஆகாது.
பரவாயில்லை என்று ஒரு கணம் தோன்றியதை
யாரிடமும் சொல்லவில்லை.

லித்தியம் பேட்டரி ஒரு விலை, ஈயம் ஒரு விலை.
இரண்டுக்கும் நடுவில் கிடந்தது
அவருடைய கண்புரை ஆபரேஷன்.
"ஈயம் போதும்" என்றேன்.
"கண்ணு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அதே நொடியில்.
ஈயமே வந்தது.

வலக்கை என் பேச்சைக் கேட்பதை நிறுத்தி வெகுநாள்.
இடப்பக்கம் மாற்றித் தந்தார்கள் ஜாய்ஸ்டிக்கை.
சுண்டுவிரல் கனம் போதும் அதற்கு.
முதல் நாள் கூடுதலாக அழுத்தி
சாமி அலமாரியை முட்டினேன்.
முருகன் சாய்ந்தார். உடையவில்லை.

பதினோரு வருடம் அவர் எனக்குப் பின்னால்.
சாலையில் நான் அறிந்த கணவர் ஒரு மூச்சு,
மேடு வந்தால் சற்றுப் பெரிய மூச்சு,
பிடரியில் கொஞ்சம் வெற்றிலை வாசம்.
கடைக்காரர்கள் என் தலைக்கு மேலாக
அவரிடம்தான் கேட்பார்கள் எனக்கு என்ன வேண்டுமென்று.

வண்டி வந்த மூன்றாம் நாள்
டயமண்ட் கார்டன் பக்கம் போனோம்.
அவர் பக்கத்தில் நடந்தார்.
கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.
கட்டினார், அவிழ்த்தார், பாக்கெட்டில் விட்டார்,
நாற்காலியின் முதுகைத் தேடிப் போன ஒரு கையைப்
பாதி வழியில் திரும்ப அழைத்துக்கொண்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.
காதோரம் இவ்வளவு நரைத்திருந்தது.
இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிறார்.
எப்போதிலிருந்து?
"அது ஆச்சு நாலஞ்சு வருஷம்."
அத்தனை நாளும்
என்னைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார்.
தள்ளுகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

ஜூலையில் லிஃப்ட் நின்றது. மூன்றாம் மாடி.
"நாலு பேர் சேர்ந்தா உங்களைத் தூக்கிரலாம்" என்றார் வாட்ச்மேன்.
அதற்கு இன்னும் நாளிருக்கிறது என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
வண்டியைத் தூக்க முடியாது, தொண்ணூறு கிலோ.
ஐந்து நாள் ஜன்னலோரம் இருந்தோம், அதுவும் நானும்.
கீழே சாலை தேநீர் நிறத்தில் ஓடியது.

மருந்துக்கடைப் படி மூன்றங்குலம் உயரம்.
இன்றைக்கும் மூன்றங்குலம்தான்.
நான் கீழே நின்று ஹாரன் அடிக்கிறேன்.
இறங்கி வந்து என்னிடம் கேட்கிறான், என் முகத்தைப் பார்த்து.

தனியாகப் போகும் நாளில் வேகம் நான்கு.
அவர் வந்தால் ஒன்று.
கைப்பிடி நுனியில் இரண்டு விரல் வைத்துக்கொள்வார்,
நான் பார்க்காத மாதிரி.
நானும் பார்க்காத மாதிரி.

இரவில் சுவரோரம் சார்ஜர் சிவப்பாக எரிகிறது.
விடியுமுன் பச்சை.
"நிறைஞ்சிருச்சா?" என்பார் படுத்தபடியே.
அவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே மங்கல்.

பதினாலாம் தேதி சயான் ஆஸ்பத்திரி.
போக ஆறு கிலோமீட்டர் இருக்கும்.
நான் கூட்டிப்போகிறேன்.
திரும்பி வரவும் சார்ஜ் இருக்கும்.