பதினோரு அங்குலம்

பதினான்காயிரத்து ஐந்நூறு.
தருமபுரி நாலு ரோட்டில் ஒரு மாடிக்கடை.
தௌலத் எடுத்துக் கையில் தந்ததும்
முதலில் எடைதான் பார்த்தேன்.
மண்டிக்காரிக்கு எதைத் தொட்டாலும் கை தராசாகிவிடும்.
கிலோவுக்குக் கொஞ்சம் கூட.
தக்காளி என்றால் பதினைந்து பழம்.

"மறைச்சு விக்க மாட்டேன்க்கா.
ஒரு நேரத்துக்கு ஒரு வேலை.
ரெண்டு குடுத்தா மூச்சு வாங்கும்.
படம் கிடம் ஏத்தாதீங்க, இடம் பத்தாது.
பேட்டரி மட்டும் சாயங்காலம் வரை நிக்கும்."
வரன் பார்த்த நாட்களில்
இவ்வளவு உண்மையை எவரும் எனக்குச் சொன்னதில்லை.

பக்கத்து மேசையில் நாற்பத்திரண்டாயிரம் ஒன்று
வெள்ளி நிறத்தில் திறந்து கிடந்தது,
என்னைப் பார்க்காமல்.

காசுக்கேத்த தோசை. சரி.
பசிக்கேத்ததா என்பது
இலையை மடித்த பிறகல்லவா தெரிகிறது.

பாலக்கோடு மண்டி, விடியற்காலை நாலரை.
பட்டனை அழுத்திவிட்டு டீக்கு நடப்பேன்.
குடித்து, டம்ளரை வைத்து,
சில்லறைக்குச் சண்டை போட்டுத் திரும்பினால்
அப்போதுதான் கடவுச்சொல் கேட்கும்.
எண்களுக்கென்று தனிக்கட்டம் கிடையாது;
மேல் வரிசையில் குறுகி நிற்கும் சாவிகளில்
ஏழை அழுத்தினால் எட்டும் சேர்ந்து விழுகிறது.
திருத்தாமல் விட்டால்
யாரோ ஒருவர் ஒரு நொடிக்குப் பணக்காரர்.

கரண்ட் போனது ஒருநாள்.
முதலாளி வெங்கட்ராமப்பாவின் பெரிய கம்ப்யூட்டர்
இரண்டு முறை கத்திவிட்டு அணைந்தது.
என்னுடையது மட்டும் எரிந்துகொண்டிருந்தது.
அந்த வெளிச்சத்தில் இறக்குகூலியை எண்ணி வாங்கிய செங்கான்
"மகளுக்கு ஒண்ணு வாங்கலாமா?" என்றார்.
குறைகளை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன்.
பாதியில் நிறுத்தினார்.
"அதெல்லாம் இருக்கட்டும்.
என் வீட்டுல இப்படி எரியுமா?"

குறை என்று நான் நினைத்தது வேறு.
பெயர், பெட்டி, எடை, விலை, கமிஷன், கூலி, வரவு.
அதோடு திரை முடிந்துவிடும்.
முன்பணம், மருந்துக்கடை, பாக்கி
மூன்றும் வலது ஓரத்துக்கு அப்பால்
இருட்டில் உட்கார்ந்திருக்கும்.

கிலோ நாலு ரூபாய்க்குப் போன அன்று
பெல்ரம்பட்டி மாதையன் வந்தார்.
நாற்பத்திரண்டு பெட்டி.
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
விரல் வைத்து, வாயசைத்துப் படித்துக்கொண்டே போனவர்
வரவில் வந்து நின்றார்.
மூவாயிரத்து ஐந்நூற்று எழுபது.
"பரவால்லையே," என்றார்.

அம்புக்குறியின் மேல் இருந்தது என் விரல்.
அழுத்தினேன்.
வட்டம் சுற்றியது.
சுற்றிக்கொண்டே இருந்தது.
அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்,
பணம் வைக்கக் கிழிசல் இல்லாத பக்கம் எது என்று.
பதினோரு விநாடி இருக்கும்.
நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் மெஷினில்
அந்தப் பதினோரு விநாடி கிடைத்திருக்காது.

பிறகு பாக்கி வந்தது.

அன்று இரவு
பாக்கியைத் தூக்கிப் பெயருக்குப் பக்கத்தில் வைத்தேன்.
நேர்மையாகத்தான் இருந்தது,
முகத்தில் தண்ணீர் அடித்த மாதிரி.
மறுபடி பழைய இடத்துக்கே தள்ளினேன்.
எது ஞாயம் என்று பிடிபடவில்லை.
இரண்டு கோப்பாகச் சேமித்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் டீ குடித்துத் திரும்பினால்
திரையில் ஒரு சின்னக் கட்டம்:
இடம் போதவில்லையாம்,
எதையாவது ஒன்றை நீக்க வேண்டுமாம்.