நாலாவது ஊசி

லிந்துலைக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்திலிருந்து
ஒன்றரை மைல் ஏற்றம். பையில்
பற்றாசுக் கோல், மல்டிமீட்டர், மாற்றுச் சேலை.
துரை என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக் கேட்டார்:
"மெக்கானிக் எங்கே?"

செக்ரோல் எழுத வாங்கிய கம்ப்யூட்டர்.
இந்தப் பக்கத்திலேயே முதல் கலர் என்றார்கள்.
இப்போது வெள்ளை எழுத்து ரோஸ்,
மஞ்சள் கோடு சிவப்பு,
பச்சையில் அடித்தது எதுவுமே இல்லை.
ஜன்னலைப் பார்த்தேன். அங்கே
பச்சையை விட்டால் வேறொன்றும் இல்லை.

கிளாக்கர் தேவசகாயம் மூன்று காரணம் வைத்திருந்தார்.
பனி. எலி. ஃபேக்டரியில் ரோலர் ஓடினால் கரண்ட் குறைவது.
மூன்றும் உண்மை, மூன்றும் காரணமில்லை.
ரோலர் ஓடும்போது படம் நாலு பக்கமும் ஒடுங்கி நடுங்கியது,
பத்தாத கம்பளிக்குள் படுத்தவன் மாதிரி.
ஒடுங்கிய படத்திலும் பச்சை இல்லை.

மூடியைக் கழற்றினேன்.
சில்லுகளை ஒன்றின் இடத்தில் ஒன்று மாற்றிச் செருகினேன்,
பழுதும் கூடவே நகர்கிறதா என்று.
நகரவில்லை.
தேத்தண்ணி வந்தது, ஆறியது, ஏடு கட்டியது.
கடைசியில் மேசைக்குப் பின்னால் தலையை விட்டேன்.
ஒன்பது ஊசிப் பிளக்.
நாலாவது ஊசி மடங்கி ஒதுங்கிக் கிடந்தது.
கூட்டும்போது யாரோ பிடுங்கி,
பயந்து, அவசரமாய்க் கோணல்மாணலாகச் செருகியிருக்க வேண்டும்.

சேலை ஊக்கின் முனையால் நிமிர்த்த இரண்டு நிமிடம்.
பில் போட வெட்கமான வேலை.
போட்டேன்.

பச்சை வந்தது. அதோடு பெயர்களும்.
பெயர்களைத்தான் கிளாக்கர் பச்சையில் அடித்து வைத்திருந்தார்.
மூன்று நாளாகப் பெயர் தெரியாத வரிகளில்
விரல்விட்டு எண்ணியெண்ணிக் கிலோவைப் பதிந்திருக்கிறார்.
அழகம்மா இருபத்தொன்று. சூசையம்மா பதினேழு.
பன்னிரண்டாம் வரியில்
பேச்சியாயி, பத்தொன்பது.

கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றினார்.
"இது மாசியில தலைமன்னார்ல கப்பலேறிப் போயிருச்சே."

போனவளின் பெயரை யாரும் அழிக்கவில்லை.
அங்கிருந்து கீழே எல்லாக் கொழுந்தும்
ஒருத்தி மேலே ஏறியிருந்தது.
ஆகக் கடைசியில், குஞ்சரத்துக்கு எதிரே
ஒரு பூச்சியம்கூட இல்லை.
சம்பளம் நாளை.

இது வயர் வேலை இல்லை என்று சொல்லலாம்.
கீழே ஐந்து மணி பஸ்ஸின் ஹாரன் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தது.
நாற்காலியை இழுத்துப்போட்டு
நிறுவைக் கொப்பியை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"பேச்சியாயிய அழிச்சிரவா?"
முதலில் அந்தப் பத்தொன்பதை எடுங்கள் என்றேன்.
ரோலர் திரும்பவும் ஓடத் தொடங்கியது.
படம் ஒடுங்கி நின்றது,
பெயர்களோடு.