பதினேழாவது தட்டு

வெளியே நாற்பத்தாறு டிகிரி.
ஏசியில் விறைத்த ஆய்வகத்தில்
கிருமி வளர்க்க
முப்பது டிகிரிக்கு ஒரு பெட்டி.
மே மாத ஃபர்வானியாவில்
இளவெயில் அதற்குள் மட்டும்தான்.

எட்டாம் வகுப்பு பி பிரிவு
பஞ்சுக்குச்சியோடு பள்ளி முழுக்கத் திரிந்தது.
தண்ணீர்க் குழாய், பஸ் கம்பி,
நூலக மவுஸ், முதல்வர் அறைக் கதவின் குமிழ்.
கழிப்பறைத் தாழ்ப்பாளுக்குச்
சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள்.
நிரஞ்சன் மூக்கைப் பொத்திக்கொண்டு போனான்.

மொத்தம் பதினாறு தட்டு.
பதினேழாவது என்னுடையது.
யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் ஃபிளாட்டில் இரண்டு குடும்பம், ஒரு ஃப்ரிட்ஜ்.
உள்ளே நடுவாக நீல டேப்:
இடப்பக்கம் எங்களுக்கு, வலப்பக்கம் வரலட்சுமிக்கு.
பால் திரிந்தால் அவள் கை.
மீன் நாறினால் என் கை.
ரமலானிலிருந்து பேச்சில்லை.
டேப் ஒட்டிய அன்று
கைப்பிடியை யாரும் நினைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வெளியே எடுத்தேன்.
குழாயில் மஞ்சள் துளிகள்,
சேமியாவில் சிந்தின நெய் மாதிரி.
மவுஸில் வெள்ளை, ஓரம் சுருங்கிய அப்பளம்.
முதல்வர் குமிழில் நல்ல விளைச்சல்;
பிள்ளைகள் கைதட்டினார்கள்.
தாழ்ப்பாள் தட்டில்
ஒரே ஒரு புள்ளி.
"இது ஃபெயில், மிஸ்" என்றான் நிரஞ்சன்.
மாப்போடு வாசலில் நின்ற தில்மாயா
எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.
மணிக்கொரு தடவை அவள் துடைக்கிற தாழ்ப்பாள்.
அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

என் தட்டை ஜன்னலில் தூக்கிப் பிடித்தேன்.
பழுப்பு, மஞ்சள், நடுவில் ரோஜா நிறத்தில் ஒன்று.
எது என் விரல், எது அவள் விரல்?
எது என் மகன், எது
ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து
இருட்டில் தண்ணீர் தேடும் அவள் புருஷன்?
ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன,
டேப் தெரியாத ஜென்மங்கள்.
சண்டைக்கு ஒரு சாட்சி கிடைக்கும் என்றுதான்
குச்சியைப் பையில் வைத்து வந்திருந்தேன்.

எல்லாவற்றையும் பையில் கட்டி
ஆட்டோகிளேவில் அடுக்கினேன்.
நூற்று இருபத்தொரு டிகிரி, இருபது நிமிடம்.
விசில் அடிக்காத குக்கர்.

சாயங்காலம் சோப்புத் தண்ணீரில்
கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் வரலட்சுமி, கையில் பால் பாக்கெட்.
"அயிந்தா?" என்றாள்.
ஈரம் காயட்டும் என்று கைகாட்டினேன்.
நின்றாள்.
பாக்கெட்டிலிருந்து
தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.