ஈரப்பதம்

அங்கே மைனஸ் முப்பத்தாறு என்கிறாள் மங்கையர்க்கரசி.
அந்த எண்ணை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.
கொரடாச்சேரி தாண்டி, வெண்ணாற்றங்கரையில்,
கொள்முதல் நிலையத்துத் தகரக் கூரையடியில்
இருபத்தொன்றுக்கே மஃப்ளர் சுற்றிக்கொண்டு
பட்டியல் எழுதுகிறவன் நான்.
அங்க குளிரா என்று அவள் கேட்டால்
பரவாயில்லை என்கிறேன்.
வெட்கமாக இருக்கிறது.

மன்னார்குடியில் பதினொரு வருடம் கணக்கு நடத்தியவள்.
சம்பளமில்லாத விடுப்பில்
சம்பளமில்லாத வேலைக்குப் போனாள்.
உலான்பாதரிலிருந்து பதினான்கு மணி நேரம் பேருந்து,
அதற்கப்புறம் ஒரு பள்ளிக்கூடம்,
அதற்கப்புறம் ஒன்றுமில்லையாம்.
ஏன் மங்கை என்று விமான நிலையத்தில்கூட நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.
அதுதான் பயம்.

பேனா மை உறைகிறது. இமைகள் ஒட்டிக்கொள்கின்றன.
வெளியே எடுத்த போன்
எண்பது சதவீதத்திலிருந்து நேராகச் செத்துப்போகிறது.
பிள்ளைகள் ஆளுக்கொரு பை காய்ந்த சாணம் கொண்டுவந்து
அடுப்பு பிடித்தால்தான் முதல் பீரியட்.

தை பிறந்து ஒரு வாரம் அவள் பேசவில்லை.
பிறகு சொன்னாள்:
நோமின் என்ற பெண்ணின் வீட்டில் நூற்றுப்பத்து ஆடுகள்,
புல்லின் மேல் பனி இறுகிப்போனதில்,
நின்றபடியே.
நின்றபடியே என்று இரண்டு தடவை சொன்னாள்.
எனக்கு ஐப்பசியில்
தலைஞாயிறு பக்கம் பார்த்த இளஞ்சம்பா ஞாபகம் வந்தது,
தண்ணீருக்குள் பச்சையாக, வரிசை கலையாமல்.
சொல்லவில்லை.
அவள் துக்கத்துக்குப் பக்கத்தில் என்னுடையதைக் கொண்டுபோய் நிறுத்துவது
வரிசையில் முந்துவது போலிருந்தது.

"ஒரு கணக்கு கொடுங்க" என்றாள்.
"ஆடு வராத கணக்கு."

அன்று மாலைதான் வைரக்கண்ணுவின் நெல்லைத் திருப்பியிருந்தேன்.
மீட்டரில் பத்தொன்பது.
பதினேழுக்கு மேல் எடுக்க உத்தரவில்லை.
அவர் சண்டை போடவில்லை.
குவியலைப் பிரித்துத் தார்ப்பாயில் பரப்பிவிட்டு
பக்கத்திலேயே சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.
அதையே கொடுத்தேன், பெயரை மட்டும் எடுத்துவிட்டு:
நாற்பது கிலோ மூட்டை, ஈரம் பத்தொன்பது சதவீதம்.
பதினேழாகக் காய்ந்தால் எடை என்ன?

மறுநாள் ராத்திரி போட்டோ வந்தது.
கட்டம் போட்ட தாள்.
ஓரத்தில் வெடித்துப்போன ஒரு கட்டைவிரல்.
முப்பத்தொன்பது கிலோ முப்பத்தாறு கிராம்.
சரி.
கீழே அவர்கள் எழுத்தில் இன்னொரு வரி.
நோமின் கேக்கிறா, என்று மங்கை தமிழில் தட்டியிருந்தாள்:
மூட்டைக்காரருக்குப் பணம் கிடைச்சுதா?

விடிகாலை ஐந்தரை.
மூடுபனியில் லாரிகள் விளக்கு மட்டுமாக நின்றன.
வைரக்கண்ணு காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்,
உழுகிற மாதிரி, நீளநீளமாக.
இரவெல்லாம் இறங்கிய பனியில் இன்னும் நனைந்திருக்கும்.
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
ஒரு பிடி அள்ளினேன்.
மீட்டரில் போடாமல் கைக்குள்ளேயே மூடி வைத்திருந்தேன்.
சூடு ஏறட்டும் என்றா, நேரம் போகட்டும் என்றா,
இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

"என்ன சார்?"
"குளிருது" என்றேன்.
இந்த மாதத்தில் முதல் தடவையாக ஒருவரிடம்.
"பின்ன, குளிராதா?" என்று சொல்லி
அவர் அடுத்த சாலைக் கிளறப் போய்விட்டார்.

பதினெட்டரை.

நோமினுக்கு எழுதினேன்:
இன்னும் இல்லை. இன்னும் ரெண்டு வெயில் வேண்டும்.

மைனஸ் முப்பத்தாறிலிருந்து உடனே பதில் வந்தது.
உங்க ஊர்ல வெயிலை எண்ணுவீங்களாமே,
கேட்டுச் சிரிக்கிறா.