சாக்கு

சாக்கு இல்லை என்று
கொள்முதல் நிலையக் கதவில் எழுதி ஒட்டிவிட்டு
அதையே சாக்காக வைத்துக்கொண்டு
தஞ்சாவூர் பஸ் ஏறினோம்.
பட்டியல் எழுத்தர் நான்,
சுமைதூக்கும் வேதரத்தினம்,
என் மகள் கார்குழலி.

பதினெட்டு நாட்டு எழுத்தாளர்கள் என்றது பேனர்.
"பதினெட்டும் ஒரே லாரியிலயா வந்து இறங்குச்சு?"
என்றார் வேதரத்தினம்.

மைதானம் முழுக்கக் கூடாரம்.
ஒன்றில் ஆறு மாதக் குழந்தைகள்
துணிப் புத்தகத்தைக் கடித்துப் படிக்கிறார்கள்.
ஒன்றில் எண்பது வயதுக்காரர்கள்
முதல் காதலை மைக்கில் ஒப்புக்கொள்கிறார்கள்,
மனைவிமார் முன்வரிசையில்.
முகமூடிக் கூடாரத்துக்குள் போன கார்குழலி
முதலையாகத் திரும்பி வந்தாள்.
தயிர்சாதமும் முதலை வாய் வழியேதான் உள்ளே போனது.

பெரிய அரங்கில்
காதில் மாட்டும் கருவிக்கு
ஏதாவது ஓர் அட்டை அடமானம்.
அலுவலக அட்டையைக் கொடுத்தேன்.
வேதரத்தினம் மாட்டேன் என்றுவிட்டார்.
ஆதாரை ஒருவரிடம் கொடுத்து
அவருக்கே தெரியாமல் இரண்டு கடன் முளைத்த கதை
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
வெறும் காதோடு உட்கார்ந்தார்.

எஸ்தோனியாவிலிருந்து வந்த லீஸ் என்பவர்
உறைந்த ஏரியைப் பற்றி வாசித்தார்.
கண்ணாடிக் கூண்டுக்குள் மொழிபெயர்க்கும் பையன்
நாலு சொல் பின்னாலேயே ஓடிவந்தான்,
வாய்க்காலில் போகும் செருப்பைக்
கரையோடு துரத்துகிறவனைப்போல.
ஒரு சொல்லில் நின்றுவிட்டான்.
காதுக்குள் அவன் மூச்சு மட்டும்.

வரிசை முழுக்கக் கருவியைத் தட்டிப் பார்த்தது.
பேட்டரி போச்சு என்றார் ஒரு பேராசிரியர்.

"நாப்பத்திரண்டு வரி" என்றார் வேதரத்தினம்.
மூட்டை எண்ணும் விரல் இன்னும் மடங்கியே இருந்தது.
"ஆறு இடத்துல மூச்சு வாங்குச்சு அந்தம்மா.
இருபத்தேழாவது கனம்.
இறக்கி வச்சிட்டுத்தான் அடுத்தத எடுத்துச்சு."
பையன் நின்றதும் அங்கேதான்.

டீக்கடையில் அவனைப் பிடித்தேன். ஜெபக்குமார்.
"பார்த்தா பனிக்கட்டி மேடம், கால் வச்சா தாங்காது.
அதுக்கு அவங்க ஊர்ல ஒரே சொல்.
நம்ம ஊர்ல ஏரி உறைஞ்சாத்தானே."
டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்,
டீயின்மேல் ஆடை கட்டத் தொடங்கியிருந்தது.

பால் பிடிக்கும் நேரம் பார்த்து
மழைநீர் தேங்கிய வயல்கள் ஞாபகம் வந்தன.
வரப்பிலிருந்து பார்த்தால் கதிர்.
உமி சரி, நிறம் சரி,
நகத்தால் கீறினால்தான்
உள்ளே பாதி.

கருக்காய், என்றேன்.

தினம் நூறு தரம் நான் சொல்கிற சொல்.
சொன்னால் மூட்டை வந்த வழியே போகும்,
போகிறவர் என் குலத்தையே திட்டிக்கொண்டு போவார்.
அன்றைக்குத்தான் ஒருவன்
கை நீட்டி அதை வாங்கிக்கொண்டான்,
உள்ளங்கையில், பேனாவால்.

ஐந்தரைக்கு மறுபடி வாசிக்கிறாங்க,
சொல்லிப் பார்க்கிறேன் என்றான்.
எங்கள் ஊருக்குள் போகும் பஸ்
ஐந்து பத்துக்கு.

சொன்னானா, தெரியாது.
பனியைக் கருக்காய் என்றால்
பேராசிரியர் மறுபடி கருவியைத் தட்டியிருப்பாரோ,
அதுவும் தெரியாது.

வெண்ணாற்றுப் பாலத்தில்தான் பார்த்தேன்,
முதலையின் கழுத்தில் கருவி.
என் அட்டை அங்கே, அவர்கள் காது இங்கே.
பச்சை விளக்கு இரண்டு தரம் மினுங்கி
அணைந்துபோனது.

திங்கட்கிழமை லாரி வந்தது.
ஈரப்பதம் பத்தொன்பது,
எந்திரமே பொய் என்று ஒருவர் சண்டை.
வேதரத்தினம் எண்ணிக்கொண்டிருக்கிறார்,
இருபத்தேழில் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.
அந்த நேரம் பார்த்து மண்டல அலுவலகத்திலிருந்து
திடீர்ச் சோதனை.

"அடையாள அட்டை எங்கேம்மா?"

எஸ்தோனியா என்று
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு
சுற்றிலும் பார்க்கிறேன்.
கூரை முட்ட
கட்டுக் கட்டாய்ச் சாக்கு.
எதைச் சொல்ல.