பதினேழு விநாடி

லிங்கராஜபுரத்தில் ஹார்ட்வேர் கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் எங்கள் சபை.
பெயிண்ட் வாசனையோடுதான் ஆராதனை தொடங்கும்.
தண்ணீர் லாரி வராத ஒரு செவ்வாய்க்கிழமை
சபையின் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டை
பாஸ்டர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தந்தார்,
ஊழியம் என்று சொல்லி.
பி.காம். இரண்டாம் வருடம் முடிந்த லீவு.
நானும் ஊழியம் என்றே நம்பினேன்.

காலை ஐந்தரைக்கு ஒரு வசனம்,
வசனத்துக்குப் பின்னால் ஒரு சூரியோதயம்.
எங்கள் ஜன்னலில் உதிப்பது எதிர்வீட்டுச் சுவர்தான்,
படம் எங்கிருந்தோ எடுத்தது.
ஜெபிக்கக் கண்மூடினால்
இதற்கு எந்த இசை பொருந்தும் என்று ஓடும்.
ஆமென் முடியுமுன்னே
கட்டைவிரல் திரையை இழுத்துப் பார்க்கும்:
நூற்றுப் பதினொன்று.
நூற்றுப் பதின்மூன்று.
பானஸ்வாடி சபைக்கு நாலாயிரமாம்.
பொறாமை என்று நான் சொல்லவில்லை,
பாரம் என்றேன்.
எங்களிடம் அதற்கு அப்படி ஒரு சொல் இருக்கிறது.

மே மாதம் வி.பி.எஸ்.
பத்து நாள், அறுபது பிள்ளைகள்,
அட்டைக் கிரீடம், ஆரஞ்சு ஜூஸ், ஒரே ஒரு ஃபேன்.
ஒன்பதாம் நாள் ஜெப வேளையில்
மூன்றாம் வரிசை யாபேஸ்,
ஏழு வயது,
இரண்டு கையும் மேலே,
டியூப்லைட்டைப் பார்த்த முகம்,
கன்னத்தில் தாரை தாரையாக.
எடுத்தேன்.
வேகத்தைக் குறைத்தேன், பியானோ சேர்த்தேன்.
ஆவியானவர் தொட்டபோது
என்று தலைப்பிட்டேன்.

விடிவதற்குள் பத்தொன்பதாயிரம்.
மறுநாள் மாலை நாற்பத்தோராயிரம்.
மஸ்கட்டிலிருந்து ஆமென்,
நாசரேத்திலிருந்து கூப்பிய கைகள்,
யாரோ ஒருவர் வெறும் கண்ணீர்த் துளிகள்.
அம்மா கார்மெண்ட்ஸ் வேனில் எல்லோருக்கும் காட்டினாள்.
கர்த்தர் உன்னைப் பயன்படுத்துகிறார் என்றார் பாஸ்டர்.
அன்று இரவு நான் தூங்கவில்லை.
சந்தோஷத்தில்தான்.

பரிசு நாளில் யாபேஸ் வரவில்லை.
பென்சில் பாக்ஸோடு
ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்துக்குப் போனேன்.
படியில் உட்கார்ந்திருந்தான்,
ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கி.
அன்னிக்கு ஏன்டா அழுத?

"பல்லு, அக்கா.
கையத் தூக்கச் சொன்னீங்க, தூக்கினேன்.
அப்படியே இருங்கன்னு சொன்னீங்க, இருந்தேன்.
எறக்கலாம்னு நீங்க சொல்லவே இல்ல."

அவன் அம்மா சத்தம் போடவில்லை.
தெருப் பசங்க இவன ஆமென், ஆமென்னு கூப்பிடறாங்கம்மா,
இவங்கப்பா ஷார்ஜாலேர்ந்து போன் பண்ணி
புள்ளைய என்ன பண்ணீங்கன்னு கேக்கறார்,
அவ்வளவுதான் சொன்னாள்.
சொல்லிவிட்டு
குடம் பதினைந்து ரூபாய்க்கு வாங்கிய தண்ணீரில்
அரை டம்ளர் எனக்குத் தந்தாள்.
குடித்தேன். எப்படிக் குடித்தேனோ.

நீக்கவா என்று கேட்டது போன்.
அந்தக் கோடை முழுவதும்
என்னை ஒரு கேள்வி கேட்டது அது மட்டும்தான்.
எண்ணை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்
(பார்த்தேன், பொய் சொல்வானேன்)
பிறகு அழுத்தினேன்.
எத்தனை ஆத்துமாக்களை இழந்தோமோ என்றார் பாஸ்டர்.
துண்டுச்சீட்டு இன்னும் என் பர்சில்தான் இருக்கிறது.
அவரும் திருப்பிக் கேட்கவில்லை.

அன்று மாலை வீலர் ரோடு பல் ஆஸ்பத்திரி.
டோக்கன் இருபத்தேழு.
பதினான்கு போய்க்கொண்டிருந்தபோது
மழை பிடித்தது, அந்த வருடத்தின் முதல் மழை.
வாசலில் ஆட்டோக்காரர்கள் கன்னடத்தில் கூவினார்கள்.
யாபேஸ் என் தோளில் தூங்கிப்போனான்,
வாய் திறந்து, எச்சில் ஒழுக.
கண்ணை மூடாமல்
ஆண்டவரே, இந்தப் பல் என்றேன்.
அதற்குமேல் வார்த்தை வரவில்லை.
வேண்டியும் இருக்கவில்லை.
சுடிதாரின் தோளில் அந்த ஈரம்
வீடு வரும்வரை காயவில்லை.
அதை யாருமே பார்க்கவில்லை.

பார்,
இதையும் சொல்லிவிட்டேன்.