கடைசி லோஞ்சு ஏழு மணிக்கில்லை

மூதூர் லோஞ்சின் பின்பலகையில்
யாரோ விட்டுப்போன நாவல்.
அட்டையில் ஒரு பெட்டை, ஒரு பெடியன்,
நடுவே தோடம்பழ அளவில் சந்திரன்.
காணாமற்போன பொருட்களின் கொப்பியில்
குடை, சாப்பாட்டுப் பெட்டி, ஒற்றைச் செருப்புக்குக் கீழே
"காதல் புத்தகம் - 1" என்று பதிந்தேன்.

எனக்கு நாற்பத்தெட்டு.
இந்த டிக்கெட் கூண்டுக்குள் இருபத்தொரு வருசம்.
சில்லறையை எண்ணாமல் எவரையும் நம்பியதில்லை.
மத்தியானம், காற்று விழுந்து, சனமும் குறைந்த நேரம்,
பிழை பிடிக்கத்தான் திறந்தேன்.

கதை எங்கள் திருகோணமலையில் நடக்கிறதாம்.
மூன்றாம் பக்கத்திலேயே அவள்
ஏழு மணி லோஞ்சைத் தவறவிடுகிறாள்.
கடைசி லோஞ்சு நாலரைக்கு, பிள்ளை.
அவன் உவர்மலையில் நின்று கூப்பிட
டச்சுக்குடா மணலில் இருப்பவளுக்குக் கேட்கிறது.
எனக்கு இந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
"மூதூர் ரெண்டு" என்பதே கேட்பதில்லை.
பஸ் ஸ்டாண்ட் மான் ஒன்று வந்து
இருவரையும் வாழ்த்தித் தலையசைக்கிறது.
அந்த மான்களை எனக்குத் தெரியும்.
அவை பணிஸ் பையைத்தான் பார்க்கும்.
பதினாறு வயதில் எவனுக்கு வரும்
"உன் மௌனத்துக்கு நான்தான் முகவரி" என்று பேச?
என் வகுப்புப் பெடியன்கள்
ஓம் என்று சொல்லவே ஒரு தவணை எடுத்தார்கள்.

பென்சிலை எடுத்து, பொய் என்று எழுதப் போனேன்.
ஓரத்தில் ஏற்கெனவே இருந்தது:
பொய்.
சின்ன உருண்டை எழுத்து. கீழே ஒரு கோடு.

பின்னுக்குப் புரட்டினேன்.
மலைக் கூவலுக்குப் பக்கத்தில்: போன் இல்லையா?
மானுக்கு: விசர்.
"அழும்போதும் அழகாயிருந்தாள்" என்ற வரிக்கு
ஒரே ஒரு சொல்: மூக்கு?
கூண்டுக்குள் தனியே சிரித்தேன்.
கயிறு சுற்றிக்கொண்டிருந்த குணசீலன்
என்னை ஒருமாதிரிப் பார்த்தான்.

பிறகு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
மழையில் ஊறிய அவளுடைய கணக்குக் கொப்பியை
அவன் வீட்டுக்குக் கொண்டுபோகிறான்.
ஒவ்வொரு தாளாய்ப் பிரித்து
விசிறிக்குக் கீழே பரப்பி
தாளுக்கொரு கல் வைத்து இரவெல்லாம் காயவிடுகிறான்.
முகவரி, மௌனம், ஒன்றும் பேசவில்லை.
அடுத்தநாள் கொடுக்கிறான். அவ்வளவுதான்.
இரண்டாம் தரம் வாசித்தேன்.
லோஞ்சு வந்து சேர்ந்ததும்
ஆட்கள் கண்ணாடியில் தட்டியதும் பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பக்க ஓரத்தில்
பொய்.
மூன்று கோடு.

நாலு மணிக்கு அவள் வந்தாள்.
பள்ளிக்கூட வெள்ளை, வெள்ளைப் பர்தா,
பத்தாம் ஆண்டு, பெயர் ஸஹ்லா.
"புத்தகம் தாத்தாட. அவ வாசிச்சு அழுவா.
எழுத்து மட்டும் என்ட."
நூற்றுப் பன்னிரண்டு ஏன் பொய் என்று கேட்டேன்.
கோபிக்கவில்லை, யோசித்தாள்.
"அப்படி யார் செய்யிற, மிஸ்?"

யாரும் செய்யமாட்டார்கள் என்பதற்கு
என்னிடம் இருபத்தொரு வருசச் சாட்சி உண்டு.
வாய் வரவில்லை.
கொப்பியை நீட்டினேன்.
"ஒப்படைக்கப்பட்டது" என்ற இடத்தில்
அதே உருண்டை எழுத்தில் கையெழுத்து வைத்தாள்.

வீட்டுக்குப் போய்க் கண்டுபிடிப்பாளோ தெரியாது.
அந்த மூன்று கோட்டில் இரண்டை
அழிறப்பரால் தேய்த்துவிட்டிருந்தேன்.
சொல்லில் கைவைக்கத் துணிவில்லை.

நாலரை லோஞ்சு
நாலு நாற்பத்தைந்துக்குப் புறப்பட்டது.